மோட்டார் வண்டியின் தாகம்

கோடைக்காலத்து நண்பகல். எங்கள் கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் அவ்வை சண்முகம் சாலையில் வண்டிகள் நகர இடமின்றி வரிசையாக நிற்கின்றன. அவ்வரிசையினின்றும் விலகி ஒரு கார் ஓரமாக ஒதுங்குகிறது. அதன் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து வெண்புகை போல ஆவி கிளம்புகிறது. ஓட்டி வந்தவர் இறங்கிப் பதற்றத்துடன் பானட்டைத் தூக்குகிறார். அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். ஒருவர் பாட்டிலில் தண்ணீருடன் ஓடி வருகிறார். மற்றொருவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு, ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதற்குக் கை நீட்டுகிறார். மாணவ நண்பர்களே, அந்த நீட்டிய கையைக் காணும்போதெல்லாம் என் வலக்கை தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மோட்டார் வண்டியைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நான் பௌதிகம் கற்பித்தவன். வெப்பம், அழுத்தம், கொதிநிலை என்று நீங்கள் பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவை யாவும் ஒரு காரின் முன்பகுதியில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி. ஆகவே, உங்களுக்குத் தெரிந்த சமையலறையின் துணைகொண்டே இன்றைய பாடத்தை நடத்தலாம் என்று கருதுகிறேன்.

பெட்ரோலுக்கு நாம் கொடுக்கும் பணம் முழுவதும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது என்று எண்ணவேண்டாம். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாயின் வழியே வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு எஞ்சினின் உலோகச் சுவர்களில் வெப்பமாக இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை, எரியும் கணத்தில், 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேற்பட்டது. பிஸ்டன் செய்யப்படும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அவ்வாறிருந்தும் பிஸ்டன் உருகாமலிருப்பதற்குக் காரணம், இறங்கும் வெப்பத்தை ஓயாமல் வெளியே சுமந்து செல்லும் ஒரு கூலியாள் இருப்பதுதான். அந்தக் கூலியாள் தண்ணீர். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வெப்பம் தேவை. எளிதிற் கிடைக்கும் திரவங்களுள் இவ்வளவு பெரிய சுமையைத் தூக்கக்கூடியது வேறில்லை.

தொடக்ககாலத்து மோட்டார் வண்டிகள் இந்தக் கூலியாளை ஒருமுறை வேலை வாங்கியபின் ஆவியாகப் பறக்கவிட்டுவிட்டன. 1888-ஆம் ஆண்டில், கார்ல் பென்ஸின் மனைவியார் பெர்த்தா பென்ஸ், தம் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்றார். அது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர்ப் பயணம். தண்ணீர் கொதித்துக் கொதித்து ஆவியாகிவிட்டதால், வழி நெடுகத் தண்ணீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. உலகின் முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணமே தாகத்தோடு நடந்த பயணம் என்று சொல்லலாம். பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்ற பொறியாளர், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழல்களைத் தேனடைபோல் அடுக்கிய ரேடியேட்டரை அமைத்தார். 1901-இல் புகழ்பெற்ற மெர்சிடிஸ் வண்டியில் அது இடம்பெற்றது. அதன் பயனாக, கொஞ்சம் தண்ணீரே மீண்டும் மீண்டும் சுற்றி வந்து வேலை செய்யலாயிற்று.

அந்தச் சுற்றுப்பாதையை மனக்கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பம்பு தண்ணீரைத் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சூழ்ந்துள்ள இடைவெளிகளில் புகுந்து அது வெப்பத்தைப் பெறுகிறது. மேலே தெர்மோஸ்டாட் என்னும் வாயிற்காப்போன் நிற்கிறான். அவனுக்குள் ஒரு சிறு மெழுகுச் சிமிழ் இருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய 80 அல்லது 90 டிகிரியை எட்டினால் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கிறது. பின்பு தண்ணீர் ரப்பர்க் குழாய் வழியாக ரேடியேட்டரின் மெல்லிய குழல்களில் ஓடுகிறது. குழல்களுக்கிடையே புகும் காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வண்டி விரைந்தோடும்போது காற்று தானாகவே வரும். நிற்கும்போது விசிறிதான் அதனை இழுத்துத் தரவேண்டும். குளிர்ந்த தண்ணீர் மீண்டும் பம்பை அடைகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கு. வெப்பம் கைமாறும் வேகம், தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, காற்று 25 டிகிரி என்றால் வேறுபாடு 65. சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் 45 டிகிரி வெயில் அடித்தது. அன்றைய வேறுபாடு 45 மட்டுமே. அதாவது அதே ரேடியேட்டரின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மார்கழியில் வெளிப்படாத குறை வைகாசியில் வெளிப்படுவதன் இரகசியம் இதுவே.

இனி மூடிக்கு வருவோம். உங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கும். அதற்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்குகிறது; அதனால் பருப்பு விரைவில் வேகிறது. ரேடியேட்டர் மூடியும் அவ்வகைப்பட்டதே. அதனுள் ஒரு சுருள்வில் இருக்கிறது. இக்காலத்துக் கார்கள் பலவற்றில், வெளியேயுள்ள காற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும்வரை அது திறந்துவிடாது. ஆகவே மூடியிருக்கும்வரை 110 டிகிரியிலும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் அகன்றுவிடும். கொதிநிலை கீழே இறங்கிவிடும். தண்ணீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகும். நீர் ஆவியானால் அதன் பருமன் ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். குக்கரின் ஆவி அடங்குமுன் மூடியைத் திறக்க உங்கள் அன்னையார் இசைவாரா?

இந்தப் பாடத்தை நான் பத்தாண்டுகள் வகுப்பிலே நடத்தியிருந்தேன். அதன் பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

1994-ஆம் ஆண்டு மே மாதம். பள்ளி விடுமுறையில் மனைவியையும் ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, பழைய கார் ஒன்றில் உதகமண்டலம் புறப்பட்டேன். கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாட்காலை மேட்டுப்பாளையம் கடந்து, கல்லாற்றுக்கு அப்பால் மலைப்பாதையில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு சென்றது. எஞ்சினுக்கோ மிகுந்த உழைப்பு. வண்டியின் வேகமோ குறைவு. ஆதலால் காற்றும் குறைவு. வெப்பமானியின் முள் ஏறுவதை நான் பார்த்தேன். பார்த்தும், குன்னூர்வரை போய்விடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பர்லியாற்றுக்குச் சற்று முன்பாகவே ஆவி பீறிட்டது.

வண்டியை நிறுத்தினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியில் கை வைத்தேன். வேடிக்கை பார்க்கும் ஆவலில் மகள் முன்சக்கரத்தின் அருகே வந்து நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு குரல், “ஏனுங்க, மூடியைத் தொடாதீங்க!” என்று கூவியது. அதற்குள் மூடி பாதி திரும்பிவிட்டது. பிறகு நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை என் வலக்கை வெந்துபோயிற்று. மகளின் பாவாடை ஓரத்தில் சில துளிகள் தெறித்திருந்தன. இரண்டு சாண் தள்ளித் தெறித்திருந்தால் அவை அவள் முகத்தில் விழுந்திருக்கும். முப்பது ஆண்டுகள் கடந்தும், அந்த இரண்டு சாண் தூரத்தை என் மனம் இன்னும் அளந்துகொண்டே இருக்கிறது.

லாரி ஓட்டுநர் இறங்கி வந்தார். யாரோ பற்பசை தடவலாம் என்றபோது அவர் தடுத்து, தம் கேனிலிருந்த குளிர்ந்த நீரை என் கையின்மீது நெடுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதுவே சரியான முதலுதவி. வெந்த இடத்தின்மீது இருபது நிமிடங்கள் ஓடும் தண்ணீரை விடவேண்டும். பற்பசை, மை, நெய் எதுவும் கூடாது. “கொஞ்சம் உக்காருங்க, அது ஆறட்டும்,” என்று மட்டும் அவர் சொன்னார். “இவர் பள்ளிக்கூடத்திலே இதைத்தான் சொல்லித் தருகிறார்,” என்று என் மனைவி கூறியபோது அவர் சிரிக்கவும் இல்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. எனக்கு அதுவே பெரிய மரியாதையாக இருந்தது.

சென்னை திரும்பியபின் புதுப்பேட்டையில் ரேடியேட்டர் பழுதுபார்ப்பவர் ஒருவர் அதனைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். குழல்களில் பாதிக்குமேல் அடைபட்டிருந்தன. உள்ளே வெண்மையும் செம்மையும் கலந்த படிவு. வெண்மை சுண்ணாம்பு, செம்மை துரு. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக வீட்டுப் போர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றியவன் நானே. வெந்நீர் போடும் ஹீட்டர்க் கம்பியில் வெள்ளையாக ஓடு கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே ஓடுதான் இதுவும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்குகூட இந்தப் படிவுக்குக் கிடையாது. இதனோடு, கீழ்க்குழாயின் இறுக்குவளையம் தளர்ந்து பல நாட்களாகத் துளித்துளியாகக் கசிந்திருந்ததும் தெரியவந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் ஈரத்தைக் கண்டும், நாளை பார்ப்போம் என்று விட்டவனும் நானே. மலைப்பாதை குற்றவாளியன்று, நான் எழுதி வைத்த கடனை வசூலிக்க வந்த இடம் அது.

ஆகவே, ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீரன்று, கூலண்ட் என்னும் கலவையே ஏற்றது. எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் தூய நீரையும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து, துருவைத் தடுக்கும் மருந்துகளும் சேர்த்து அதனைத் தயாரிக்கிறார்கள். குளிர்நாடுகளில் நீர் உறையாமலிருக்க இது பிறந்தது. சென்னையில் நீர் உறையப்போவதில்லையே என்று சிலர் இதனை வேண்டாமென்பர். இது கொதிநிலையைச் சில டிகிரி உயர்த்துகிறது; துருவைத் தடுக்கிறது; பம்பின் அடைப்பு வளையத்தைக் காக்கிறது. நமக்கு வேண்டியவை இவையே. ஆனால் கிளைக்காலை மட்டும் ஊற்றுவதும் தவறு. வெப்பத்தைச் சுமக்கும் திறன் அதற்குத் தண்ணீரைவிடக் குறைவு. கலந்து விற்பதை அப்படியே ஊற்றலாம். கலக்காததைப் பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீருடன் கலக்கவேண்டும். புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படித்தால் எது எதுவென்று விளங்கும். பச்சை, சிவப்பு என்ற நிறங்களை நம்பி ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள். நிறம் சாயமேயன்றிப் பொதுவான அடையாளமன்று. துருத்தடுப்பு மருந்துகள் காலப்போக்கில் தேய்ந்துவிடும். எத்தனை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது என்பதை வண்டியின் கைப்புத்தகம் கூறும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சும் ஆவது. குடிநீர்ப் புட்டிகளில் அதனை ஊற்றி வைப்பது குழந்தைக்கு வைக்கும் கண்ணி. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்குமுன் கழுவிவிடவேண்டும்.

வேறொரு தவறான வழக்கத்தையும் சொல்லவேண்டும். வெப்பநாட்டிற்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதனைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் நெடுநாள் இருந்தது. என் வண்டியிலும் ஒருமுறை அவ்வாறு செய்தார்கள், நானும் தலையசைத்தேன். வாயிற்காப்போன் இல்லாவிட்டால் எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய நெடுநேரம் ஆகும். அதுவரை எரிபொருள் வீணாகும், உறுப்புகள் தேயும். சில வண்டிகளில், ரேடியேட்டரை அணுகாத குறுக்குவழி திறந்தபடியே இருந்துவிடுவதால், சூட்டைக் குறைக்கச் செய்த காரியமே சூட்டைக் கூட்டிவிடும். கெட்டுப்போனால் புதிது போடவேண்டுமேயன்றி அகற்றக் கூடாது.

இனி, கோளாறைக் கண்டறியும் முறை. இதுவே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனெனில் இது சான்றிலிருந்து காரணத்தை ஊகிக்கும் பயிற்சி. கார் நெரிசலில் நிற்கும்போது சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடும்போது ஆறிவிடுகிறதா? குறை காற்றில், விசிறியை, அதன் ஃபியூசை, அதனை இயக்கும் உணர்கருவியைச் சோதியுங்கள். நகருக்குள் நன்றாயிருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் சூடாகிறதா? குறை நீரோட்டத்தில், குழல் அடைப்பு, பம்பு, நீரின் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய் குளிர்ந்தே இருக்கிறதா? தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். திடீரென்று சூடேறி, பேட்டரி விளக்கும் கூடவே எரிகிறதா? பல வண்டிகளில் பம்பையும் மின்னாக்கியையும் ஒரே பெல்ட் சுழற்றுவதால், அது அறுந்திருக்கக்கூடும். தரையில் ஒரு துளியுமின்றி நீர்மட்டம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறதா? வண்டிக்குள் இனிய மணமும் கால்விரிப்பில் ஈரமும் இருந்தால், உள்ளேயிருக்கும் ஹீட்டர் கசிகிறது. புகைக்குழாயில் வெண்ணிற ஆவி இடைவிடாது வந்தாலும், எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் மாறியிருந்தாலும், சிலிண்டர் மேல்மூடியின் கேஸ்கட் பழுதுற்றிருக்கக்கூடும். அவ்வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நன்று.

வழியில் முள் ஏறினால் என்ன செய்வது? முதலில் குளிர்சாதனத்தை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் அதனை முழுவதும் திறந்துவிடுங்கள். கோடையில் இது தண்டனையாகத் தோன்றினாலும், எஞ்சினின் வெப்பத்தை இழுக்கும் இரண்டாவது சிறு ரேடியேட்டர் அது. பின் ஓரமாக ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். அரைமணி நேரமாவது மூடியை அணுகாதீர்கள். விசிறியருகிலும் கையை வைக்காதீர்கள். எஞ்சின் நின்றபின்னும் மின்விசிறி தானே சுழலத் தொடங்கக்கூடும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடித்துவிடலாம். நன்றாக ஆறியபிறகே மூடியைத் தடித்த துணியால் மெல்ல, சிறிது சிறிதாகத் திருப்பவேண்டும். முள் ஏறிப் பின் சட்டென்று இறங்கிவிட்டால் மகிழ்ந்துவிடாதீர்கள். தண்ணீர் முழுவதும் வற்றிவிட்டால், அளக்கும் கருவி நீரில் தொடாமல் பொய்யான விடை சொல்வதுண்டு.

இவற்றையெல்லாம் தவிர்க்க வாரத்தில் இரண்டு நிமிடங்கள் போதும். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பக்கத்திலுள்ள சேமிப்புக் கலத்தில் கீழ்க்கோட்டிற்கும் மேற்கோட்டிற்கும் இடையே திரவம் நிற்கிறதா என்று பாருங்கள். ரப்பர்க் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள்; வீங்கியதும் விரிசல் விட்டதும் விடைபெறவேண்டியவை. ரேடியேட்டரின் முகத்தில் படிந்த தூசியையும் பூச்சிகளையும் மெல்லிய நீர்த்தாரையால் கழுவுங்கள். வண்டி நின்ற தரையைப் பாருங்கள். மின்சாரக் கார் வந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: அவற்றிலும் பெரும்பாலானவை தம் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவத்தையே நாடுகின்றன. எஞ்சின் மாறினாலும் வெப்பத்தின் விதிகள் மாறுவதில்லை.

பர்லியாற்றிலிருந்து திரும்பிய அந்த ஜூன் மாதத்தில், கொதிநிலைப் பாடத்தை நான் வேறு விதமாகத் தொடங்கினேன். கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், கட்டுப்போட்ட கையை மாணவர்களுக்குக் காட்டினேன். “இந்தக் கை தேர்வு எழுதியிருந்தால் முழு மதிப்பெண் பெற்றிருக்கும்,” என்று சொன்னேன். வகுப்பு முழுவதும் அமைதியாயிற்று. அவ்வாண்டு அப்பாடத்தை ஒருவரும் மறக்கவில்லை. நண்பர்களே, நீங்கள் அதே பாடத்தைக் கையில் தழும்பின்றியே கற்றுக்கொள்ளலாம். அதற்காகவே இன்று உங்களோடு இவ்வளவு நேரம் பேசினேன்.